சதுர அடி ரேட்டை மட்டும் பார்த்து வீட்டைக் காண்ட்ராக்டரிடம் ஒப்படைக்கலாமா?

திருவெறும்பூர் பக்கம் 5 சென்ட் மனையில் 1,200 சதுர அடிக்குத் தரைத்தள வீடு கட்டப் போகிறீர்கள். ஒரு காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,200 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 2,550 கேட்கிறார். குறைத்துக் கேட்டவர் ஆடி பிறப்பதற்குள் பூஜை போட்டுவிடலாம் என்கிறார், 5 லட்சம் முன்பணமும் வேண்டுமாம். நீங்கள் இருப்பது பெங்களூரில், வேலையைப் பார்த்துக்கொள்ளப் போவது அப்பா. யாரிடம் கொடுப்பது, எதையெல்லாம் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிவில் இன்ஜினியர். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று 22 வருடமாக வீடு கட்டும் வேலையில் இருக்கிறேன். பாதிக் காலம் நானே காண்ட்ராக்ட் எடுத்துச் செய்தேன். மீதிக் காலம் வீட்டுக்காரர் பக்கம் நின்று மேற்பார்வை பார்த்தேன். அதனால் இரண்டு பக்கத்துக் கஷ்டமும் தெரியும்.

முதலில் அந்த இரண்டு ரேட்டையும் எடுத்துக்கொள்வோம். 350 ரூபாய் வித்தியாசம். 1,200 சதுர அடிக்கு 4,20,000 ரூபாய் வருகிறது. பெரிய பணம்தான், யாருக்கும் மனசு முதலாமவர் பக்கம் சாயும். ஆனால் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எந்தெந்த இடத்தையெல்லாம் சதுர அடியில் சேர்ப்பீர்கள்?" மாடிப்படி ஹெட்ரூம் (படி மொட்டைமாடியில் முடியும் இடத்தில் வரும் சிறு அறை), போர்டிகோ, படிக்கட்டுக்கு மேல் வரும் தளம், அகலமான சன்ஷேடு, இவற்றையெல்லாம் சிலர் முழு அளவில் சேர்ப்பார்கள், சிலர் பாதியாகச் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்கவே மாட்டார்கள். முதலாமவர் ஹெட்ரூமுக்கு 100, போர்டிகோவுக்கு 80 என்று சேர்த்தால் கணக்கு 1,380 சதுர அடி ஆகிவிடும். 2,200 வீதம் 30,36,000 ரூபாய். இரண்டாமவர் 1,200-க்கு மட்டும் கணக்குப் போட்டால் 30,60,000. நாலு லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் 24,000 ரூபாயில் வந்து நிற்கிறது.

அப்புறம் சதுர அடிக்குள் வராத வேலைகள் இருக்கின்றன. தண்ணீர் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், கேட், போர்வெல், தற்காலிக மின் இணைப்பு, முகப்பு அலங்கார வேலை, கப்போர்டு, மனையை உயர்த்த வேண்டியிருந்தால் அதற்கான கிராவல் மண். சம்ப்பும் செப்டிக் டேங்கும் ஒருவர் ரேட்டில் அடக்கம், மற்றவர் ரேட்டில் தனி என்றால், குறைந்த ரேட் சொன்னவர்தான் கூடுதலாக வாங்கப் போகிறார். இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆளாளுக்கு ஒரு வழக்கம். நாம் கேட்காததால் அவர்கள் சொல்வதில்லை. ஜிஎஸ்டி உட்படவா, தனியா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பொருளோடு சேர்த்துச் செய்யும் காண்ட்ராக்டுக்கு 18 சதவீதம் உண்டு, கடைசி பில்லில் அது வந்து நின்றால் தாங்காது.

லேபர் காண்ட்ராக்ட் பற்றியும் யோசித்திருப்பீர்கள். சிமெண்ட், கம்பி, ஜல்லி எல்லாம் நாம் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் சதுர அடிக்குப் பேசுவது. தனி வீட்டுக்கு வெறும் கூலி வேலை என்றால் ஜிஎஸ்டி கிடையாது, பணமும் மிஞ்சும். ஆனால் லாரியில் வரும் எம்-சாண்டை அளந்து இறக்குவதிலிருந்து கட்டுக்கம்பி தீர்ந்துவிட்டதே என்று கடைக்கு ஓடுவது வரை எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். ஊரில் நீங்களே இருந்தால் செய்யுங்கள் என்பேன். வயதான அப்பாவை நம்பி அதில் இறங்க வேண்டாம்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். நான் பார்த்த முக்கால்வாசி ஒப்பந்தங்களில் "தரமான சிமெண்ட், முதல் தரக் கம்பி, நல்ல கம்பெனி டைல்ஸ்" என்றுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் கேட்க முடியாது. கம்பி என்றால் எந்த கம்பெனி, வலிமைத் தரம் ஃபே 500-ஆ ஃபே 550டி-யா என்று எழுதுங்கள். சிமெண்ட் எந்த கம்பெனி, கான்கிரீட்டுக்கு எது, பூச்சுக்கு எது என்று எழுதுங்கள். டைல்ஸுக்கு "வரி உட்பட சதுர அடி இத்தனை ரூபாய் வரை" என்று தொகை போடுங்கள். அதற்கு மேல் நீங்கள் ஆசைப்பட்டு எடுத்தால் வித்தியாசத்தை நீங்கள் கொடுப்பீர்கள், குறைவாக எடுத்தால் அவர் கழிப்பார். குழாய் சாமான், சுவிட்சு, கதவு எல்லாவற்றுக்கும் இதே முறை. நிலை எந்த மரம், வாசற்கதவு தேக்கா, உள்கதவு ஃப்ளஷ் டோரா, ஒவ்வொரு அறைக்கும் எத்தனை மின் பாயிண்ட் என்பதெல்லாம் காகிதத்தில் வர வேண்டும். இப்படி நாலைந்து பக்கம் எழுத உட்காரும்போதே காண்ட்ராக்டர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். வேலை தெரிந்தவர் சந்தோஷமாக உட்காருவார், அவருக்கும் அது பாதுகாப்பு. "அதெல்லாம் எதுக்கு சார், நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவரிடம் நான் வேலை கொடுக்க மாட்டேன்.

அதிகமாகத் தகராறு வருவது பூமிக்குக் கீழே. ஒப்பந்தத்தில் 5 அடி ஆழம் என்று எழுதியிருப்பார்கள். தோண்டிப் பார்த்தால் 5 அடியிலும் மண் பொதபொதவென்று இருக்கும். நம் பக்கம் ஒரே தெருவில் ஒரு மனையில் 4 அடியில் சுக்கான் பாறை தட்டும், நாலு மனை தள்ளி 7 அடி போனாலும் களிமண்தான் வரும். அப்போது காண்ட்ராக்டர் இன்னும் 2 அடி போக வேண்டும், தனியாகப் பணம் வேண்டும் என்பார். வீட்டுக்காரருக்கு ஆரம்பத்திலேயே ஏமாற்றுகிறார் என்று தோன்றும். உண்மையில் அவர் சொல்வதுதான் சரி. மண் கெட்டியாகும் வரை போகத்தான் வேண்டும். இதற்கு வழி, கூடுதல் ஆழத்துக்கு ஒரு கன அடிக்கு மண் தோண்ட இவ்வளவு, கான்கிரீட்டுக்கு இவ்வளவு, கட்டு வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ரேட் எழுதிவிடுவது. முடிந்தால் ஒப்பந்தத்துக்கு முன்பே மனையில் ஒரு மண் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு மூலையில் ஜேசிபி வைத்து ஒரு குழியாவது தோண்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இனி பணம். இதில்தான் எங்கள் வீடே பாடம். புதுக்கோட்டையில் அப்பா வீடு கட்டும்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். காண்ட்ராக்டர் பழகிய மனிதர், தவறாமல் வருவார், பேசுவார். தளம் போட்டு முடிக்கும்போது மொத்தத் தொகையில் கிட்டத்தட்ட முழுவதையும் அப்பா கொடுத்திருந்தார். நின்றிருந்தது பாதி வீடுதான். பூச்சு, தரை, கதவு, ஒயரிங், பெயிண்ட் எல்லாம் பாக்கி. அந்த மனிதர் ஊரை விட்டு ஓடவில்லை. வேறு மூன்று இடத்தில் வேலை எடுத்து, ஒரு வீட்டுப் பணத்தை இன்னொரு வீட்டுக்குப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பணம் தீர்ந்ததும் எங்கள் வேலைக்கு ஆள் வரவில்லை. பூசாத செங்கல் சுவருக்குள் நாங்கள் ஒன்றரை வருடம் குடியிருந்தோம். அம்மா ஒவ்வொரு மழைக்கும் ஜன்னலில் சாக்கு கட்டுவார்.

அதனால் 5 லட்சம் முன்பணம் வேண்டாம். அது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. நான் எழுதிக்கொடுக்கும் கணக்கு இப்படி இருக்கும்: பூஜையன்று 5 சதவீதம். அடித்தளக் கான்கிரீட் முடிந்ததும் 10, வீட்டின் தரை மட்டமான பேஸ்மெண்ட் மட்டம் வந்து மண் நிரப்பியதும் இன்னொரு 10. சுவர் எழும்பி, கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தில் 15. தளத்துக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தகடும் முட்டும்) அடித்துக் கம்பி வந்து இறங்கியதும் 10, கான்கிரீட் போட்டதும் 10. உள்ளும் வெளியும் பூச்சு முடிந்தால் 15. டைல்ஸும் ஒயரிங்கும் முடிந்தால் 10, பெயிண்ட் முடிந்து சாவி வாங்கும்போது 10. கடைசி 5 சதவீதம் ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டிய பிறகு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் ஊரில் பெய்கிற மழையில் தளத்தில் ஒழுகுகிறதா, ஜன்னல் ஓரம் ஈரம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேலை முடிந்த கட்டத்துக்கான பணத்தை இழுத்தடிக்காதீர்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் எல்லோருக்கும் சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம் போக வேண்டும். ஒரு சனிக்கிழமை தவறினால் திங்கட்கிழமை அந்த ஆட்கள் வேறு சைட்டில் நிற்பார்கள், திரும்ப அழைத்து வர இரண்டு வாரம் ஆகும். கட்டம் முடிந்தது என்று சொன்னால் மூன்று நாளில் பார்த்துச் சரி செய்து பணம் அனுப்பிவிடுங்கள், எல்லாம் வங்கி வழியாக. அதே சமயம், சைட்டில் ஒரு வாரமாக ஆள் இல்லாமல் வெள்ளிக்கிழமை மட்டும் பணம் கேட்டுத் தவறாமல் போன் வந்தால், அந்தப் பணம் வேறு வீட்டுச் சம்பளத்துக்குப் போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வேலையில் தினமும் போய் நிற்க வேண்டிய அவசியமில்லை. எந்தெந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். மூடினால் மறுபடி பார்க்க முடியாத நேரம் எல்லாம் அப்படிப்பட்ட நேரம்தான். அஸ்திவாரக் குழியில் கான்கிரீட் கொட்டும் முன், பில்லருக்குப் பலகை அடிக்கும் முன், தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த பின், சுவருக்குள் போன பைப்பைப் பூசி மூடும் முன், பாத்ரூமில் நீர்க்கசிவுத் தடுப்பு அடித்து டைல்ஸ் ஒட்டும் முன். இந்த நேரங்களுக்குக் காண்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை விசிட்டுக்கு இவ்வளவு என்று பேசி வரவழையுங்கள். மொத்தம் ஏழெட்டு விசிட் போதும். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் சைட்டையும் பார்த்துக்கொள்வார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தனியாகப் பேசிப் பணம் கொடுத்தால்தான் அவர் வருவார்.

தளம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏணியில் ஏறியதும் முதலில் குனிந்து கம்பிக்கு அடியில் பாருங்கள். சென்ட்ரிங் தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் 20 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் கவர் பிளாக் என்ற சிறு சிமெண்ட் கட்டை வைத்திருக்க வேண்டும். பல சைட்டில் அதற்குப் பதில் ஜல்லிக்கல்லைச் சொருகி வைப்பார்கள். ஆள் நடந்ததும் அது உருண்டு போய்க் கம்பி தகட்டில் உட்கார்ந்துவிடும். பத்து வருடம் கழித்துத் தளத்தின் அடியில் துரு ஏறிக் காரை பெயர்ந்து விழுகிற வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொடக்கம் இந்த இடம்தான். அடுத்து சன்ஷேடு, பால்கனி ஓரத்துக்குப் போங்கள். அங்கே முக்கியமான கம்பி மேல் பக்கம் இருக்க வேண்டும். கட்டும்போது சரியாகத்தான் கட்டியிருப்பார்கள். மறுநாள் கான்கிரீட் சட்டியோடு நடக்கிறவர்கள் மிதித்து மிதித்து அது கீழே போய்விடும். அப்படி அமுங்கிய சன்ஷேடு அடியில் கொடுத்த முட்டுகளை எடுத்ததும் தொங்கும், சில சமயம் ஆள் நிற்கும்போது உடைந்து விழும். அதனால் மேல் கம்பியைத் தாங்க நாற்காலி போல வளைத்த கம்பியும், மேலே நடக்கப் பலகையும் வேண்டும் என்று மேஸ்திரியிடம் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும்.

கம்பியின் எடையையும் அப்பாவே பார்த்துவிடலாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி 10.66 கிலோ. 8 மில்லிமீட்டர் முழுக் கம்பி 4.74 கிலோ. கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் அந்தக் கம்பி வேண்டாம்.

கான்கிரீட் அன்று இரண்டே விஷயம். ஒன்று சிமெண்ட். 1,200 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் 500 கன அடி, அதாவது சுமார் 14 கன மீட்டர். எம்20 என்ற தரக் கலவைக்கு, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கணக்கில், கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை. தளத்துக்கு மட்டும் 112-லிருந்து 115 மூட்டை ஆக வேண்டும், பீமும் சன்ஷேடும் அதற்கு மேல். சாயங்காலம் அப்பா காலிச் சாக்குகளை எண்ணினால் போதும். இன்னொன்று தண்ணீர். இந்தக் கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. வெயில் ஏற ஏற, கலவை சரசரவென்று இழுபட வேண்டும் என்பதற்காக மிக்ஸர்காரர் ஹோஸைத் திறந்து விட்டுவிடுவார். மிக்ஸர் பக்கத்தில் ஒரு வாளியை வைத்து, வாளிக் கணக்கில்தான் தண்ணீர் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஆட்களுக்கு அன்று வயிறாரச் சாப்பாடு போடுவது நம் ஊர் வழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். கூடவே மூன்று கியூப் அச்சில் கான்கிரீட் எடுத்து 28 நாள் கழித்துப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலோ பரிசோதனைக் கூடத்திலோ நொறுக்கிப் பார்க்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கியூப் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலே கலவை ஒழுங்காக வரும்.

தளத்தில் மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். சாதாரண ஓபிசி சிமெண்டுக்கே குறைந்தது 7 நாள். இப்போது கடையில் அதிகம் கிடைக்கும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் 14 நாள். இதை யார் செய்வது, காண்ட்ராக்டர் ஆளா, வீட்டுக்காரரா என்று எழுதவில்லையென்றால் இரண்டு பேருமே செய்ய மாட்டார்கள். சென்ட்ரிங் சாமான் நாள் வாடகையில் வருவதால் சீக்கிரம் பிரிக்கக் காண்ட்ராக்டருக்கு அவசரம் இருக்கும். விதிப்படி, ஓபிசி போட்டால், நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை உள்ள பீமுக்கும் 14 நாள். பிபிசி மெதுவாக இறுகும் என்பதால் நான் எல்லாவற்றையும் 14 நாளுக்குக் குறையாமல் நிறுத்தச் சொல்வேன்.

நடுவில் நீங்கள் செய்யும் மாற்றங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காண்ட்ராக்டர்களின் நியாயமான புகார் இதில்தான். பூஜை அறையைக் கொஞ்சம் தள்ளு, இங்கே ஒரு ஜன்னல் வை, சமையல் மேடையை நீட்டு என்று போனில் சொல்வது எளிது. கட்டின சுவரை இடித்துக் கட்டுவதற்கு இரண்டு நாள் கூலியும் பொருளும் போகும். சொன்னது அப்பா, செய்தது மேஸ்திரி, பில் வருவது ஆறு மாதம் கழித்து, பார்ப்பது நீங்கள். அப்போது மனக்கசப்பு வராமல் இருக்காது. மாற்றம் என்ன, எவ்வளவு கூடும், எத்தனை நாள் கூடும் என்று வாட்ஸ்அப்பில் காண்ட்ராக்டர் எழுத, நீங்கள் சரி என்று பதில் போட்ட பிறகே அந்த வேலை தொடங்க வேண்டும். நீங்கள் இப்படிச் சரி சொல்லாமல் வேறு யார் சொன்னாலும் செய்யக்கூடாது. பார்க்க வரும் மாமா, சித்தப்பா யோசனைக்கும் இது பொருந்தும்.

அனுமதி விஷயத்தில் உங்களுக்கு வசதி இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனே அனுமதி வாங்கலாம். உங்கள் 5 சென்ட் 2,178 சதுர அடிதான், அதற்குள் வந்துவிடும். ஆனால் வரைபடத்தில் காட்டிய பக்க இடைவெளியைக் கட்டும்போது விட்டே ஆக வேண்டும், அதற்குப் பொறுப்பு உங்களுடையது.

தகராறு முற்றினால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உதவுமா என்று சிலர் கேட்பார்கள். சொந்த மனையில் தனி வீடு கட்டும் காண்ட்ராக்ட் அதில் வராது. நுகர்வோர் ஆணையம்தான் இடம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டுவதும் சேவைதான். இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அங்கே கேட்பது ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, போட்டோ, வாட்ஸ்அப் செய்தி. மேலே சொன்னபடி நடந்திருந்தால் எல்லாம் கையில் இருக்கும்.

அந்த இரண்டு காண்ட்ராக்டர்களில் யார் என்று நான் இப்போதே சொல்ல முடியாது. இரண்டு பேரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். அவர்கள் கட்டி மூன்று நான்கு மழைக்காலம் கண்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி, காண்ட்ராக்டர் இல்லாமல் அப்பாவும் நீங்களும் மட்டும் போங்கள். புது வீட்டில் பெயிண்டைத்தான் பார்க்க முடியும். அந்த வீட்டு அம்மாவிடம் பாத்ரூம் சுவருக்கு வெளிப்பக்கம் ஈரம் இருக்கிறதா, சாவி கொடுத்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா என்று கேளுங்கள். ஆடிக்குள் பூஜை போட வேண்டும் என்ற அவசரத்தில் இதை விட வேண்டாம். ஆனியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐப்பசியில் வருத்தப்பட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆவணியிலும் நல்ல நாள் இருக்கிறது.

அப்பாவுக்கு ஒரு 5 மீட்டர் டேப், ஒரு நீளமான நோட்டு, போட்டோ எடுக்கத் தெரிந்த போன், இவை மூன்றும் வாங்கிக் கொடுங்கள். தினமும் எத்தனை ஆள் வந்தார்கள், என்ன இறங்கியது, என்ன வேலை நடந்தது என்று நாலு வரி எழுதட்டும். பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் ஓடும் பைப்பையும் ஒயர்க் குழாயையும் டேப்பை வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். பின்னால் ஒரு சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போதுகூட அந்தப் போட்டோவைத்தான் தேடுவீர்கள்.